இரும்பின் பற்று வரவு: ஓமான் கவசப் பாறையில் ஹைட்ரஜன் பிறப்பதும் தொலைவதும்

ஓமானின் ஹஜர் மலைத்தொடரில் சில வாதிகளின் (மழைக்கு மட்டும் நீரோடும் வறண்ட ஆற்றுப் படுகைகளின்) ஓரம் பால்நீல நிறத்தில் சிறு குளங்கள் தேங்கி நிற்கும். தண்ணீரின் பிஎச் 11-ஐத் தாண்டும். விரலை நனைத்தால் சோப்புத் தண்ணீர் போல வழுக்கும். மேற்பரப்பில் காய்ச்சிய பாலில் படிவதுபோல் வெள்ளை ஏடு படர்ந்திருக்கும். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு அப்போதைக்கப்போது உருவாகும் கால்சைட். அடியிலிருந்து எழும் குமிழிகளில் ஹைட்ரஜன் மிகுந்திருக்கிறது என்பதை நீல், ஸ்டேங்கர் என்ற இருவர் 1983-இலேயே கட்டுரையாக்கினார்கள். ஹைட்ரஜன் எரிபொருளாகச் சந்தைக்கு வரும் என்ற பேச்சு எழுவதற்கு வெகு காலம் முன்பு அது.

இந்த ஹைட்ரஜன் எந்தக் கனிமத்திலிருந்து வருகிறது, இதுவரை எவ்வளவு வந்து போயிற்று, பாறையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்ற மூன்று கேள்விகளை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. மூன்றுக்கும் ஒரே கணக்குப் புத்தகம்தான்: பாறையிலுள்ள இரும்பு. பாறை எத்தனை சதவீதம் செர்பெண்டைனாக (நீர் ஏறிய மக்னீசியம் சிலிக்கேட் கனிமமாக) மாறிவிட்டது என்ற எண்ணை வைத்து ஹைட்ரஜனை மதிப்பிடுவது பரவலான வழக்கம். ஓமானைப் பொறுத்தவரை அது தப்புக் கணக்கு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பாறை

சமாயில் ஓஃபியோலைட் என்பது சுமார் 9.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவாகி, பிறகு அரேபியக் கண்ட விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்ட கடல்தள மேலோடும் அதன் கீழிருந்த கவசமும் (மேலோட்டுக்கு அடியிலுள்ள பூமியின் அடுக்கு, ஆங்கிலத்தில் மேன்டில்) சேர்ந்த துண்டு. நீளம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கவசப் பாறையை இவ்வளவு பரப்பில் காலால் மிதித்து நடக்கக்கூடிய இடம் உலகில் வேறில்லை.

கவசப் பகுதியில் பெரும்பங்கு ஹார்ஸ்பர்கைட். அதில் முக்கால் பங்குக்கும் சற்று மேல் ஒலிவைன், மிச்சத்தில் பெரும்பாலும் ஆர்த்தோபைராக்சின், கொஞ்சம் குரோமியம் கலந்த ஸ்பினல். ஊடே ஊடே டியூனைட் வரும். அது கிட்டத்தட்ட முழுக்க ஒலிவைன். இந்த ஒலிவைனில் உலோக இடங்கள் நூறு என்றால் தொண்ணூறில் மக்னீசியம், பத்தில் இரும்பு. அந்தப் பத்து இடங்களில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் ஃபெரஸ் இரும்பு, அதாவது இரண்டு மின்னூட்டம் கொண்டது. ஹைட்ரஜனில் பெரும்பகுதி இந்தச் சிறு பங்கிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

வினை நடக்கும் விதம்

இரும்பில்லாத ஒலிவைன் நீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வராது. இரண்டு மூலக்கூறு ஃபார்ஸ்டரைட் (இரும்பில்லாத ஒலிவைனின் பெயர்) மூன்று மூலக்கூறு நீரை விழுங்கி ஒரு செர்பெண்டைனும் ஒரு புரூசைட்டும் தரும்; அதோடு சரி. அது வெறும் நீரேற்றம். எலக்ட்ரானைக் கொடுப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை.

இரும்பு சேரும்போதுதான் கதை மாறுகிறது. ஃபெரஸ் இரும்பு ஒரு எலக்ட்ரானை விட்டு, மூன்று மின்னூட்டம் கொண்ட ஃபெரிக் இரும்பாகிறது. நீரிலுள்ள ஹைட்ரஜன் அதை வாங்கிக்கொள்கிறது. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான், ஆகவே இரண்டு இரும்பு. ஃபெரிக் இரும்பு போய் உட்கார இரண்டு இடங்கள் முக்கியமானவை: மேக்னடைட் (காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு), செர்பெண்டைன். மேக்னடைட்டில் மூன்று இரும்புக்கு இரண்டுதான் ஃபெரிக். ஆகவே ஒரு மோல் மேக்னடைட் உருவானால் ஒரு மோல் ஹைட்ரஜன் வெளிவந்திருக்கிறது என்று பொருள். செர்பெண்டைனுக்குள் நுழையும் ஃபெரிக் இரும்பு கண்ணுக்கும் காந்தத்துக்கும் தெரியாது. ஆனால் அதுவும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஹைட்ரஜனைத் தந்துவிட்டுத்தான் அங்கே போயிருக்கும்.

மூன்றாவதாக ஒரு இடமும் உண்டு, அதுதான் கணக்கைக் குழப்புவது. புரூசைட் என்பது மக்னீசியம் ஹைட்ராக்சைடு. வெப்பம் குறைவாக இருந்தால் மக்னீசியத்தின் இடத்தில் ஃபெரஸ் இரும்பு தாராளமாக ஏறிக்கொள்ளும். அப்படி ஏறிய இரும்பு எலக்ட்ரானை விடாமல் அப்படியே உறைந்து கிடக்கும். ஒலிவைன் காலியாகிவிட்டது, பாறை நூறு சதவீதம் செர்பெண்டைனாகிவிட்டது, ஆனால் ஹைட்ரஜன் இன்னும் வரவில்லை.

வெப்பம் என்ன செய்கிறது

வெப்பவியக்கக் கணிப்புகளின்படி ஹைட்ரஜன் உச்சமாக வருவது 200 முதல் 315 டிகிரி செல்சியஸ் வரையிலான வரம்பின் மேற்பகுதியில். அந்த வெப்பத்தில் புரூசைட் இரும்பை அதிகம் ஏற்காது. இரும்பு மேக்னடைட்டுக்குப் போகும். 400 டிகிரியை நெருங்கினால் ஒலிவைன் நீரோடு சேர்ந்தே நிலைத்திருக்கும். அதற்குச் சற்றுக் கீழே, மிச்சமிருக்கும் ஒலிவைனே இரும்பைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் சரியும். 200 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க மேக்னடைட் குறைந்து, இரும்பு புரூசைட்டிலும் செர்பெண்டைனிலும் பங்கு பிரிந்துகொள்ளும்.

வேகத்திலும் இதே போக்கு. ஒலிவைன் நீரேற்றம் 250 டிகிரிக்கு அருகில் மிக விரைவு. அறை வெப்பத்தில் ஆய்வகத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் நுண்ணளவு வாயுதான் கிடைக்கும். ஓமானில் இன்று சில நூறு மீட்டர் ஆழத்து நீரின் வெப்பம் 35 டிகிரி அளவில்தான். அப்படியானால் இன்று குமிழியிடும் ஹைட்ரஜன் எங்கிருந்து?

பாறையின் வரலாறு ஒரே கட்டமாக நடக்கவில்லை என்பதே பதில். கடலடியில் வெப்பமாக இருந்தபோது ஒரு சுற்று, கண்டத்தின் மேல் ஏறும்போது ஒரு சுற்று, மழைநீர் இறங்கும் இன்றைய குளிர்ந்த சுற்று என அடுக்கடுக்காக மாற்றம் நடந்திருக்கிறது. முந்தைய சுற்றுகள் இரும்பேறிய புரூசைட்டை விட்டுச்சென்றன. இன்றைய சுற்று அதைச் செலவழிக்கிறது. மூன்று ஃபெரஸ் ஹைட்ராக்சைடு அலகுகள் ஒரு மேக்னடைட், ஒரு ஹைட்ரஜன், இரண்டு நீர் மூலக்கூறுகளாகப் பிரியும் வினை இதன் எளிய வடிவம். புரூசைட் கரைவது ஒலிவைன் கரைவதைவிடப் பல மடங்கு விரைவு என்பதால் குறைந்த வெப்பத்திலும் இது நகரும்.

சிலிக்கா இதற்குத் தூண்டுகோல். ஆர்த்தோபைராக்சின் கரைந்தால் சிலிக்கா விடுபடும். அது இரும்பேறிய புரூசைட்டைச் சந்தித்ததும் புரூசைட்டின் மக்னீசியம் செர்பெண்டைனுக்குப் போகும். போக்கிடம் இழந்த இரும்பு மேக்னடைட்டாகி ஹைட்ரஜனை விடும். டியூனைட்டில் பைராக்சின் இல்லை, ஆகவே புரூசைட் அதிகம் சேரும், நெடுநாள் தங்கும். ஹார்ஸ்பர்கைட்டில் சேர்வதும் குறைவு, போவதும் விரைவு. ஒரே துளையில் இந்த இரண்டு பாறையும் மாறி மாறி வருவதால் ஐம்பது மீட்டர் இடைவெளியில் கணக்கு தலைகீழாகலாம்.

துளைகள் காட்டியது

2016 முதல் 2018 வரை நடந்த ஓமான் துளையிடல் திட்டத்தில் பாத்தின் பகுதியில் பிஏ வரிசைத் துளைகள் போடப்பட்டன. பிஏ1பி துளையிலிருந்து 400 மீட்டர் ஆழம் வரை கோர் (துளையிலிருந்து முழுதாக எடுக்கும் உருளைப் பாறைத் துண்டு) எடுக்கப்பட்டது. பிஏ3ஏ, பிஏ4ஏ இரண்டும் 300 மீட்டர். எடுத்த கோர்களை ஜப்பானின் ஷிமிசு துறைமுகத்தில் நின்ற சிக்யு துளைக்கப்பலுக்கு அனுப்பி, அதன் ஆய்வகத்தில் அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்தார்கள். தரையில் போட்ட துளைக்குக் கப்பலில் ஆய்வு என்பது விநோதமாகத் தோன்றலாம். கோரை நீளவாக்கில் ஸ்கேன் செய்யும் எக்ஸ்-கதிர் கருவியும் காந்த ஏற்புத்திறன் மானியும் வரிசையாக நிற்கும் இடங்களுள் அது ஒன்று என்பதே காரணம்.

கோரின் நிறமே பாதி விடையைச் சொல்லும். மேலே செம்பழுப்பு: காற்றின் ஆக்சிஜன் எட்டி, இரும்பு துருப்பிடித்த பகுதி. கீழே போகப் போகப் பச்சையும் கருமையும். பிஏ1பி-யின் மேற்பகுதியில் டியூனைட் மிகுதி, கீழே ஹார்ஸ்பர்கைட். டியூனைட் அநேகமாக முழுதும் மாறிவிட்டது. ஹார்ஸ்பர்கைட்டில் வலைப்பின்னல் போன்ற செர்பெண்டைன் நரம்புகளுக்கு நடுவே ஒலிவைன் தீவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நீரின் நிலையும் இதோடு ஒத்துப்போகிறது. மேலே பிஎச் 8 அல்லது 9, ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் நேர்க்குறி. ஆழத்தில் பிஎச் 10-ஐத் தாண்டி, மின்னழுத்தம் எதிர்க்குறியில் பல நூறு மில்லிவோல்ட்.

புரூசைட் ஆழத்தில் இருக்கிறது, மேலே வர வர மறைகிறது. அது கரைந்துபோன இடங்களில் ஃபெரிக் இரும்பு கொண்ட கனிமங்களும் கார்பனேட்டும் எஞ்சியிருக்கின்றன. செர்பெண்டைனாதல் முடிந்துபோன பாறையிலும் ஹைட்ரஜன் வினை தொடர்ந்திருக்கிறது என்பதற்குக் கோரில் கிடைத்த நேரடிச் சான்று இதுதான்.

பழைய கண்காணிப்புத் துளைகளில் ஒன்றான என்எஸ்எச்க்யூ14-இல், பிஎச் 11-க்கு மேற்பட்ட நீரில், கரைந்த ஹைட்ரஜன் லிட்டருக்குச் சில நூறு மைக்ரோமோலிலிருந்து மில்லிமோல் அளவு வரை அளக்கப்பட்டிருக்கிறது. ஒப்பிட வேண்டுமானால், அட்லாண்டிக் நடுவே 2000-இல் கண்டறியப்பட்ட லாஸ்ட் சிட்டி வெந்நீர்க் கோபுரங்களில் கிலோவுக்கு 15 மில்லிமோல் வரை உண்டு. அங்கே வெளிவரும் நீர் 40 முதல் 91 டிகிரி. வினை நடக்கும் ஆழத்தில் வெப்பம் அதைவிட அதிகம்.

நீர் இரண்டு வகை

மழைநீர் பாறைக்குள் இறங்கும்போது முதலில் மக்னீசியமும் பைகார்பனேட்டும் நிறைந்த நீராகிறது. காற்றோடு தொடர்பு அறுந்த பிறகு அந்தக் கார்பன் கார்பனேட் நரம்புகளாகவும், மக்னீசியம் செர்பெண்டைன், புரூசைட்டாகவும் இறங்கிவிடும். பைராக்சின் கரைந்து வரும் கால்சியத்துக்கு அந்த வெப்பத்தில் போய்ச் சேரக் கனிமம் அதிகம் இல்லை. ஹைட்ராக்சைடோடு நீரிலேயே தங்கி பிஎச்சை 11, 12 என உயர்த்துகிறது. கலிஃபோர்னியப் பாறைகளில் இந்த இரு வகை நீரையும் பார்ன்ஸ், ஓநீல் 1969-இல் விவரித்தார்கள். ஓமானிலும் அதே ஜோடிதான். பிஎச் 11-ஐத் தாண்டிய கால்சியம் நீர் வருகிற துளையில்தான் ஹைட்ரஜனைத் தேட வேண்டும். மக்னீசியம் நீரில் தேடுவது வீண். ஒரு துளையின் மேற்பகுதியில் இரண்டும் கலந்தால் அளவீடு பாதியாய்க் குறையும், காரணம் புரியாமல் பாறைமேல் பழி விழும்.

(வெள்ளைக் கார்பனேட் நரம்பு ஓடும் டியூனைட்டைப் பார்க்க ஓமான் வரை போக வேண்டாம். சேலம் மேக்னசைட் வெட்டுகளில் பச்சைப் பாறை நடுவே ஓடும் வெள்ளைக்கல் நரம்புகளும் ஒலிவைனின் மக்னீசியம் கார்பன் டை ஆக்சைடிடம் சிக்கியதன் விளைவே. அது மிகப் பழைய, வேறு வகைப் பாறை உடல்; வினையின் குடும்பம் மட்டும் ஒன்று.)

ஒரு டன் பாறைக்கான பேரேடு

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஹார்ஸ்பர்கைட்டில் இரும்பு ஆக்சைடு எடைக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன்னில் 80 கிலோ. அதை ஃபெரஸ் ஆக்சைடின் மூலக்கூறு எடையான 71.85-ஆல் வகுத்தால் 1,113 மோல் இரும்பு. அத்தனையும் மேக்னடைட்டானால் மூன்றில் ஒரு பங்கு, 371 மோல் ஹைட்ரஜன், எடையில் 0.75 கிலோ. ஒரு துளி ஃபெரஸ் இரும்பும் மிஞ்சாமல் எல்லாம் ஃபெரிக்கானால் 557 மோல், 1.1 கிலோ. இதற்கு மேல் அந்தப் பாறையிலிருந்து ஒரு கிராமும் வராது.

இப்போது ஒரு கோர் துண்டில் ஒலிவைனே இல்லை, மொத்த இரும்பில் பாதி ஃபெரிக் என்று அளவீடு வருகிறது. எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் எண் இது. செலவான ஹைட்ரஜன் 1,113-இல் பாதியில் பாதி: 278 மோல், 0.56 கிலோ. மிச்சமுள்ள ஃபெரஸ் இரும்பு மேக்னடைட் விகிதம் வரை போனால் இன்னும் 93 மோல், 0.19 கிலோ வரும். முழுதும் ஃபெரிக்கானால் இன்னொரு 278 மோல். செர்பெண்டைன் சதவீதத்தை மட்டும் பார்த்தவர் இந்தப் பாறையைத் தீர்ந்துபோனது என்று ஒதுக்கியிருப்பார்.

நீர்ச் செலவையும் இதோடு பார்க்க வேண்டும். செர்பெண்டைனில் எடைக்கு 13 சதவீதம் நீர். ஒரு டன் புதுப் பாறை முழுதாக மாற 150 கிலோ அளவில் நீர் குடிக்கும். அதில் 0.75 கிலோ ஹைட்ரஜனாவதற்கு உடைபடுவது 6.7 கிலோ மட்டும். மற்றது கனிமத்துக்குள் அடைபட்டுவிடும். வறண்ட நாட்டில் நீரைச் செலுத்தி ஹைட்ரஜன் எடுக்கத் திட்டமிடுகிறவர்கள் முதலில் எழுதிவைக்க வேண்டிய எண்கள் இவை. முன்பே புரூசைட்டாகிப்போன பாறையில் இந்தச் செலவு பெரிதும் மிச்சம். நீரேற்றம் முன்பே முடிந்துவிட்டதே!

வாயுவை அளக்கையில் ஏமாறும் இடங்கள்

முதல் எதிரி, துளைச் சுவர் சரியாமல் இறக்கும் எஃகு கேசிங் குழாய். ஒரு கிலோ இரும்பு அரித்து ஃபெரஸ் ஹைட்ராக்சைடானால் 17.9 மோல் ஹைட்ரஜன் வரும். ஒரு கிலோ ஹார்ஸ்பர்கைட் மேக்னடைட் கணக்கில் தருவது 0.37 மோல். அதாவது துருப்பிடிக்கும் ஒரு கிலோ எஃகு 48 கிலோ பாறைக்குச் சமம். பிஎச் 11-க்கு மேல் எஃகின் மேல் காப்புப் படலம் நிலைத்து அரிப்பு மந்தமாகும் என்பது சிறு ஆறுதல். இருந்தாலும் நெடுநாள் மூடிக்கிடந்த துளையில் முதலில் வரும் நீரை நம்பக்கூடாது. துளை கொள்ளளவில் மூன்று மடங்காவது வெளியேற்றி, பிஎச், மின்கடத்துத்திறன், மின்னழுத்தம் மூன்றும் நிலைத்த பிறகே மாதிரி. எஃகை மேல்மண், சிதைந்த பாறை வரை மட்டும் நிறுத்தி, கீழே திறந்த துளையாக விடுவது நல்லது. துளையிடும்போதே வரும் ஹைட்ரஜனும் சந்தேகத்துக்குரியது: துளைமுனையின் சூடும் உராய்வும், புதிதாய் உடைந்த சிலிக்கேட் பரப்பும் நீரைப் பிளக்கும். துளையிட்டு முடித்த நாளில் எடுத்த அளவு பாறையின் அளவாகாது.

அடுத்தது அழுத்தம். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 25 டிகிரி நீர் லிட்டருக்கு 0.78 மில்லிமோல் ஹைட்ரஜனைத்தான் வைத்திருக்கும். 300 மீட்டர் ஆழத்தில் அது முப்பது மடங்காகும். ஆழத்தில் லிட்டருக்கு 5 மில்லிமோல் இருந்தால், மற்ற வாயுக்களை விட்டுவிட்டாலும், நீர் மட்டத்துக்கு ஐம்பது அறுபது மீட்டர் கீழே வரும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். பம்ப் வழியே மேலே எடுத்து அளந்தால் கையில் கிடைப்பது எஞ்சியது மட்டும். இரு பக்கமும் காற்றடைப்பு வைத்து ஒரு பகுதியைத் தனிமைப்படுத்தி, அங்கேயே அடைத்து எடுக்கும் அழுத்தக் குடுவைதான் வழி.

மேலே வந்த பின்னும் ஹைட்ரஜன் ஓடப் பார்க்கும். பிளாஸ்டிக் பைகளில் நாள்கணக்கில் வைத்தால் கசியும். தடித்த பியூட்டைல் ரப்பர் அடைப்பான் போட்ட கண்ணாடிக் குப்பி பரவாயில்லை. சில மணி நேரத்துக்குள் அளந்துவிடுவது அதைவிட மேல். வெப்பக் கடத்தல் உணரி வைத்த வாயுப் பிரிகைக் கருவியில் ஹீலியத்தை ஓட்ட வாயுவாக வைத்துவிட்டு, ஹைட்ரஜன் இல்லை என்று அறிக்கை எழுதுவது நடக்கும் தவறு. இரண்டின் வெப்பக் கடத்துத்திறனும் நெருக்கமாக இருப்பதால் சிகரம் தட்டையாகும், தலைகீழாகவும் வரும். ஆர்கான் அல்லது நைட்ரஜன் ஓட்ட வேண்டும்.

பிஎச் மானியையும் சொல்லியாக வேண்டும். 4, 7 கரைசல்களில் மட்டும் அளவுத்திருத்தம் செய்த மின்முனை 11.5-இல் சொல்வதை நம்ப முடியாது. 10-உம், தெவிட்டிய சுண்ணாம்பு நீரான 12.45-உம் தேவை. குடுவையைத் திறந்து வைத்தால் கால்சைட் ஏடு கட்டி, பேசிக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கும்.

பாறையை அளக்கையில்

இரும்பேறிய புரூசைட் காற்றில் நிற்காது. கோர் வெட்டிய முகம் சில நாளில் பழுப்பேறினால் சாட்சி அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எடுத்தவுடன் நைட்ரஜன் நிரப்பிய பையில் அடைத்து, குளிரில் வைத்து, அரைப்பதையும் ஆக்சிஜன் இல்லாத பெட்டிக்குள் செய்ய வேண்டும். நீரூற்றி அறுக்கும் கல் ரம்பம் தவிர்க்க முடியாதது. அறுத்த முகத்தை ஒரு சென்டிமீட்டர் செதுக்கி எறிந்துவிட்டு உள்பகுதியை எடுப்பது நல்லது.

எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் ஒன்றிரண்டு சதவீதத்துக்குக் குறைவான புரூசைட் தப்பிவிடும். வெப்ப எடை அளவீடு இன்னும் கூர்மை: புரூசைட் 350 முதல் 450 டிகிரிக்குள் நீரை விடும், செர்பெண்டைன் 550-க்கு மேல். தூய புரூசைட் எடையில் 30.9 சதவீதம் இழக்கும். இரும்பு ஏறினால் இந்தப் பங்கு குறையும், ஆகவே இரும்பின் அளவைத் தனியாக அறிந்துதான் திருப்பிக் கணக்கிட வேண்டும். இதையும் காற்றில் ஓட்டினால் ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜனை வாங்கி எடை கூடும், புரூசைட் குறைவாகத் தெரியும். நைட்ரஜன் ஓட்டத்தில் செய்க.

காந்த ஏற்புத்திறன் விரைவான வழி. மேக்னடைட் ஒரு சதவீதத்துக்கு ஏறத்தாழ 0.03 எஸ்ஐ. ஒரு கிலோ பாறையில் 50 கிராம் மேக்னடைட் என்றால் 0.22 மோல் ஹைட்ரஜன் வந்து போயிற்று. ஆனால் இது கீழ் வரம்புதான். செர்பெண்டைனுக்குள் ஒளிந்த ஃபெரிக் இரும்பைக் காந்தம் காணாது. குறைந்த வெப்பத்தில் மாறிய பாறையில் அந்த ஒளிந்த பங்கே பெரிதாக இருக்கலாம். அதற்கு மோஸ்பாவர் நிறமாலை அல்லது சிங்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் உறிஞ்சல் வேண்டும். அமிலத்தில் கரைத்து ஃபெரஸ் இரும்பைத் தரம்பார்க்கும் பழைய முறை மலிவு, ஆனால் சல்ஃபைடும் உலோகக் கலவையும் இருந்தால் ஃபெரஸ் பக்கம் ஏற்றிக் காட்டும். இந்தப் பாறைகளில் அவை இருப்பது வழக்கம். நிக்கலும் இரும்பும் உலோகமாகவே கலந்து நிற்கும் அவாருவைட் தென்பட்டால், அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஹைட்ரஜன் அடர்த்தி மிக அதிகமாக இருந்தது என்று எழுதிக்கொள்ளலாம். வேறெந்தச் சூழலிலும் நீருக்கு நடுவே இரும்பு உலோகமாக நிற்பது அபூர்வம்.

குடித்துத் தீர்ப்பவர்கள்

பிறந்த ஹைட்ரஜன் எல்லாம் மேலே வருவதில்லை. இந்தத் துளைகளின் நீரில் மீத்தேன் உண்டாக்கும் மெத்தனோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை நான்கு மூலக்கூறு ஹைட்ரஜனை ஒரு மூலக்கூறு மீத்தேனாக்கும். அவற்றைக் கட்டுப்படுத்துவது கார்பன் பஞ்சம்: பிஎச் 11 நீரில் கரைந்த கனிமக் கார்பன் கிட்டத்தட்ட இல்லை. மேற்பகுதியில் சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் ஆக்சிஜனும் எட்டும் இடத்தில் வேறு கூட்டங்கள் காத்திருக்கின்றன. நீரைச் செலுத்தி வினையை முடுக்கும் திட்டத்தில் செலுத்தும் நீரோடு பைகார்பனேட்டும் சல்ஃபேட்டும் சேர்ந்து போனால் இந்தக் கூட்டங்களுக்குச் சாப்பாடு போட்ட கதைதான். செலுத்தும் நீரின் வேதியியல் ஹைட்ரஜன் விளைச்சலில் பாதியைத் தீர்மானிக்கும் என்று சொன்னாலும் மிகையில்லை.

சுரங்கம் ஒன்றோடு ஒப்பீடு

அல்பேனியாவின் புல்கிசே குரோமைட் சுரங்கமும் ஓஃபியோலைட்டில் இருப்பதுதான். அங்கே சுரங்கக் குளத்தில் குமிழியிடும் வாயுவில் 84 சதவீதம் ஹைட்ரஜன், ஆண்டுக்குக் குறைந்தது 200 டன் வெளியேறுகிறது என்று 2024 பிப்ரவரியில் ஆய்வு வெளியானது. நம் பேரேட்டை அங்கே பொருத்துவோம். டன்னுக்கு 0.75 கிலோ என்றால் 200 டன்னுக்கு ஆண்டுதோறும் 2.67 லட்சம் டன் புதுப் பாறை முழுதாக மாற வேண்டும். பக்கத்துக்கு 43 மீட்டர் உள்ள ஒரு கனசதுரம், ஒவ்வோர் ஆண்டும். குளிர்ந்த பாறையில் அந்த வேகம் நம்பும்படியாக இல்லை. ஆழப் பிளவில் நெடுங்காலமாகச் சேர்ந்த இருப்பு சுரங்கம் வழியே வடிகிறது என்ற விளக்கம்தான் பொருந்துகிறது, ஆய்வாளர்களும் அந்தப் பக்கமே நின்றார்கள். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தால் எரியக்கூடிய வாயு அது. அந்தச் சுரங்கத்தில் முன்பு வெடிப்புகள் நேர்ந்ததில் வியப்பில்லை. ஓமானில் அப்படி ஒரு மூடிபோட்ட இருப்பு இருப்பதாகத் தெரியவில்லை. நீரோடு கரைந்தும் குமிழியாகவும் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கிறது.

முடுக்க முடியுமா

இயற்கையாக வருவதைப் பிடிப்பதற்குப் பதில், பாறையைத் தூண்டி எடுக்கும் யோசனைக்கு இப்போது பணம் வருகிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆர்பா-இ அமைப்பு 2024-இல் 16 திட்டங்களுக்கு 2 கோடி டாலர் ஒதுக்கியது. ஓமான் பாறையும் பேச்சில் இருக்கிறது.

வெப்பத்தை வைத்து முடுக்குவது கடினம். கிலோமீட்டருக்கு 25 டிகிரி ஏறும் இடத்தில், மேற்பரப்பில் 30 என்றால், 250 டிகிரிக்கு 9 கிலோமீட்டர் இறங்க வேண்டும். அவ்வளவு ஆழம் துளைப்பது விலைக்குக் கட்டாது. பல இடங்களில் அதற்குள் கவசப் பாறையே முடிந்துவிடும். 3 கிலோமீட்டரில் கிடைப்பது 100 டிகிரிதான். அந்த வெப்பத்தில் ஒலிவைனை நம்புவதைவிட இரும்பேறிய புரூசைட்டை நம்பலாம். 55, 100 டிகிரிகளில் செய்த ஆய்வகச் சோதனைகளிலேயே அளக்கும்படியான ஹைட்ரஜன் வந்திருக்கிறது.

மிச்சமிருக்கும் கைப்பிடி பரப்பளவு. ஒரு மீட்டர் கட்டிகளாகப் பிளந்த பாறையில் கன மீட்டருக்கு 6 சதுர மீட்டர் பரப்பு. ஒரு சென்டிமீட்டர் கட்டிகளானால் 600. இடையே வினையே தன் பாதையை அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பாறையின் அடர்த்தி 3.3-இலிருந்து 2.6 அளவுக்கு இறங்கும்போது கன அளவு 40 சதவீதத்துக்கு மேல் வீங்கும். அந்த வீக்கம் பாறையைப் பிளந்து புதுப் பரப்பைத் திறக்கவும் செய்யும், இருக்கும் விரிசலைச் செர்பெண்டைனால் அடைக்கவும் செய்யும். எது வெல்லும் என்பது வினை வேகத்துக்கும் நீர் ஊடுருவும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. புரூசைட் மேக்னடைட்டாவதில் கன அளவு வீங்குவதற்குப் பதில் சுருங்கும். அடைப்புச் சிக்கல் அங்கே குறைவு.

இன்னொரு போட்டியும் உண்டு. கார்பன் டை ஆக்சைடைப் பாறைக்குள் செலுத்திக் கார்பனேட்டாக்க விரும்புகிறவர்களும் ஓமானில் இதே பாறையைத்தான் பார்க்கிறார்கள்; அவர்களுக்கும் மிக விரைவாக வினைபுரியும் கனிமம் புரூசைட்டே. மக்னீசியம் கார்பனேட்டுக்குப் போனால் இரும்பு விடுபடும். சூழலில் ஆக்சிஜன் இல்லையென்றால் அது ஹைட்ரஜனைத் தரலாம். கார்பன் அதிகமானால் ஃபெரஸ் இரும்பே கார்பனேட்டுக்குள் புகுந்து எலக்ட்ரானை விடாமல் அடைபட்டுவிடும். இரண்டு திட்டமும் ஒரே தொகுதிப் பாறைக்கு வருமானால், செலுத்தும் நீரில் எவ்வளவு கார்பன் இருக்கலாம் என்ற வரம்பை முதல் துளைக்கு முன்பே, கோரிலுள்ள புரூசைட்டின் இரும்பை அளந்து, முடிவு செய்துவிட வேண்டும்.